திமில் எடுத்த கல்

ஆயுத பூஜைக்குச் சாமான்களைக் கழுவாத வீடு மதுரையில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம். நானும் கழுவினேன். அதற்குப் போய் இப்படி ஒரு வினை வந்து சேரும் என்று யார் கண்டார்கள்?

என் வீட்டுக்காரர் தமிழ்மாறனுக்குக் கல் அடிக்கும் வேலை. ஆதிமனிதர்களின் கல் ஆயுதங்களைப் போலவே கையால் அடித்துச் செய்வார். பள்ளிக்கூடக் கண்காட்சிகளுக்குக் கேட்டு வாங்கிப் போவார்கள். வில்லாபுரத்தில் எங்கள் மொட்டைமாடி முழுக்கக் கல்சில்லுதான், செருப்பில்லாமல் துணி காயப்போட முடியாது.

பாண்டீஸ்வரி ஆராய்ச்சி மாணவி. இவரை அண்ணே என்பாள், என்னை மதினி என்பாள். ஒரு கண்மாய்க்குள் வெயிலில் அலைந்து அவள் கண்டெடுத்தது ஒரே ஒரு கல். எந்தக் காலத்திலோ ஒருவன் அதை மெலிதாக்கப் பார்த்து, நடுவில் மாட்டுத் திமில் போலப் புடைத்திருந்ததை எடுக்க முடியாமல் பாதியில் தூக்கிப் போட்டிருக்கிறான். அவன் கை எங்கே தோற்றது என்று அதில் தெரியுமாம். அவளுடைய மொத்த ஆராய்ச்சியும் அந்தக் கல்தான். போட்டோ போதாது, பட்டம் கொடுக்க வரும் பேராசிரியர்கள் கல்லையே கையில் வாங்கிப் பார்ப்பார்களாம். அதற்கு நகல் ஒன்று செய்யச் சொல்லி எங்களிடம் கொடுத்து வைத்திருந்தாள்.

பூஜையன்று சுத்தியல், அரம், அடிக்காத கற்கள் எல்லாவற்றையும் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். அவள் கல்லை மட்டும் விட்டுவைப்பதா? அதுவும் ஆயுதம்தானே? அடையாளத்துக்கு அவள் அதில் வெள்ளை மையில் எழுதிய எண் அழிந்ததை நான் கவனிக்கவில்லை. சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து அடுக்கியபோது எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் வேலையைத் தொடங்க இவர் தொடையில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். பாண்டீஸ்வரியும் வந்துவிட்டாள்.

"எதை அடிக்கட்டும்மா?"

அவளே குனிந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "இது நல்லா முண்டும் முடிச்சுமா இருக்குண்ணே. நம்ம கல்லு மாதிரியே திமிலு. இதுல ஆரம்பிங்க."

இவர் விளிம்பைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து மழுக்கினார். கூராக இருந்தால் அடி தாங்காமல் விளிம்புதான் நொறுங்கும், சில்லு உள்ளே ஓடாது. பிறகு கல்லைச் சற்றுச் சாய்த்து ஓங்கி ஒரே போடு. விளிம்பில் கிளம்பிய சில்லு நடுவைத் தாண்டி ஓடி, திமிலை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தது. பாண்டீஸ்வரி கைதட்டினாள்.

"அண்ணே! அந்த ஆளால முடியாதத நீங்க முடிச்சிட்டீங்க!"

இவர் சில்லைத் திருப்பி, சந்தனத்தைக் கட்டைவிரலால் வழித்தார். அடியில் பழைய அடித் தடங்கள். படிப்படியாக முறிந்து நின்றவை, பழுப்பேறியவை.

அது பாண்டீஸ்வரியின் கல். பாண்டீஸ்வரி சில்லை வாங்கிக் கல்லோடு பொருத்தினாள். பொருந்தியது. கையை எடுத்ததும் விழுந்தது.

"ஒட்டிரலாமா?" என்றார் இவர்.

"கோடு தெரியும்ணே." விழுந்த சில்லை எடுத்துச் சாக்கில் வைத்தாள். "இதே மாதிரி இன்னொன்னு அடிங்க. பாதில நிப்பாட்டிருங்க."

"புதுசா அடிச்சது பளிச்சுன்னு காட்டிக் குடுத்துருமேம்மா."

"பழசாக்க எனக்குத் தெரியும்ணே. போலியக் கண்டுபிடிக்கணும்னுதான் அதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாக."

கல் உடைந்தபோதுகூட நான் இப்படி அதிரவில்லை. அடியில் 'நகல்' என்று எழுதாமல் இவர் ஒரு கல்லையும் வீட்டைவிட்டு அனுப்பியதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

"நானும் உன் கூட காலேஜுக்கு வாரேன். கழுவுனது நான்தான்னு நானே சொல்றேன்" என்றேன்.

"எடுத்துக் குடுத்தது யாருன்னு கேப்பாக மதினி." அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "ரெண்டு வருசமா பாத்த கல்லு எனக்கே தெரியலன்னு எப்படிச் சொல்ல? ஆரம்பிங்கண்ணே."

முடியாது என்று சொல்லிவிடுவார் என்று இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் என் பக்கம் திரும்பவில்லை. சாக்கை உதறிப் போட்டு, இன்னொரு தடித்த கல்லை எடுத்து விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தார்.