கைதட்டக் கூடாது

கயிற்றுக்கு வெளியே இருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது, சைகை காட்டக் கூடாது, மீறினால் பிள்ளை வெளியே என்று கால்பந்து டீமுக்கு ஆள் எடுக்க வந்த தேர்வாளர் முதலிலேயே சொல்லிவிட்டார். சும்மா மிரட்டுகிறார் என்று நினைத்த ஓர் அப்பா, "பந்தை விடாதம்மா!" என்று கத்தினார். அவர் மகள் சட்டைமேல் போட்டிருந்த நம்பர் பனியனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே போனாள்.

என் மகளுக்கு இதுதான் கடைசித் தேர்வு. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். அவளுக்குப் பந்து சொல்லிக்கொடுத்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பி. அவன் வேலை பார்க்கும் கிடங்குக்குப் பின்னால், வண்டி நிறுத்தும் இடத்தில், காலி பாட்டில்களை வரிசையாக வைத்துப் பிழிந்தெடுத்திருக்கிறான். உள்ளங்காலால் இழு, வெளிப்பாதத்தால் தள்ளு, தோளைச் சாய்த்து ஏமாற்று. பாட்டில்களிடம் அவள் புலி.

இங்கே எதிரே நின்றது ஒரு நெட்டைப் பெண். அவளைத் தாண்டிக் கோல் அடிக்க மூன்று வாய்ப்பு. முதல் தடவை என் மகள் பந்தைக் காலடியில் நிறுத்தி, எங்கள் பக்கம் பார்த்தாள். நெட்டை வந்து பறித்துக்கொண்டு போனாள். இரண்டாவது தடவையும் அதே கதை.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறா?" என்று தம்பியின் காதில் கேட்டேன்.

அவன் என் காதுப் பக்கம் குனிந்தான். "நான் கைதட்டினாத்தான் திரும்புவாக்கா. ஒரு தட்டுன்னா இடது, ரெண்டுன்னா வலது. அப்படியே பழக்கிட்டேன்."

"அடப்பாவி! புள்ளைக்குப் பந்து பழக்கச் சொன்னா, பொம்மைக்குச் சாவி குடுத்து வச்சிருக்கியே!"

கத்தவும் வழியில்லை.

கடைசி வாய்ப்புக்கு நெட்டையோடு ஒரு குட்டைப் பெண்ணையும் இறக்கினார்கள். என் மகள் பந்தோடு வந்தாள், நின்றாள், எங்களைப் பார்த்தாள். தம்பியின் கைகள் மடியிலிருந்து எழுந்தன.

"கொசு அடிக்கிற மாதிரி தட்டிடறேன்கா."

அவன் இரண்டு கைகளையும் பிடித்து என் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கினேன். மகள் அதைப் பார்த்துவிட்டாள். முகம் வெளிறியது. நெட்டை பாய்ந்து வந்தாள்.

மகளின் தோள் வலது பக்கம் சாய்ந்தது. பந்தோ உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு இடது பக்கம் வந்தது. நெட்டை தடுமாறி உட்கார்ந்தாள். அடுத்த உதையில் வலை குலுங்கியது.

தம்பி பந்தைப் பார்க்கவில்லை, வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே குட்டைப் பெண் தயாராகக் காலை அகட்டி நின்றிருந்தாள்.

"நான் ரெண்டு தட்டியிருப்பேன்கா" என்றான். குரல் செத்துப்போயிருந்தது.

எல்லோரும் ஆடி முடித்ததும் தேர்வாளர் விசில் ஊதினார். "ஏழாம் நம்பர், நீ டீம்ல இருக்கே. இங்க வா." பிறகு எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "இப்போ நீங்க எல்லாரும் தட்டலாம்."

எல்லோரும் தட்டினார்கள்.

"விடுக்கா, இப்பவாவது தட்டறேன்" என்று தம்பி கையை இழுத்தான். என் விரல்கள் பிரியவே மாட்டோம் என்றன.