இரண்டரை மலை

தேவனூர் நாட்டில் சினிமாவை மலைக் கணக்கில்தான் மதிப்பிடுவார்கள். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி டூரிங் கொட்டகையில் படம் பார்க்க மலையை இறங்கி ஏற வேண்டும். அதற்கு முழங்கால் இரண்டும் சாட்சி. ஒரு தரம் இறங்கிப் பார்க்கலாம் என்றால் ஒரு மலை. மூன்று தரம் இறங்கலாம் என்றால் மூன்று மலை. அதற்கு மேல் படமே கிடையாது. ஒன்றுக்கும் உதவாத படத்துக்குப் பெயர் 'கால்வலி'.

மதிப்புப் போடுகிறவன் அர்த்தனாரி. மிளகு மூட்டையோடு வாராவாரம் சந்தைக்கு இறங்குகிறவன் அவன்தான். படம் பார்த்துவிட்டு மறுநாள் மலையேறி வந்து களத்தில் உட்கார்ந்தால் ஊரே சுற்றி உட்காரும். "பாட்டு பரவால்லீங்க. சண்டை சொத்தை. ஒண்ணரை மலை" என்பான். அப்பீல் கிடையாது.

அவன் பெண்டாட்டி பொன்னாயி ஒரு படமும் பார்த்ததில்லை. "மூணு மலைப் படம் வரட்டும், உன்னையும் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று அறப்பளீசுவரர் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்திருந்தான். ஆறு வருஷம் ஆயிற்று. இரண்டு வந்தது, இரண்டே முக்கால்கூட வந்தது, மூன்று வரவில்லை. பாவி மகள் நம்பினாள். கொட்டகைக்குக் கட்டிப் போக ஒரு சேலையை மூங்கில் பெட்டியில் மடித்தே வைத்திருந்தாள்.

அன்று பலாப்பழம் வாங்க அடிவாரத்து வியாபாரி பக்ருதீன் வந்தார். மோரைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, அந்த ராணி படத்துக்கு நீங்க வரவே இல்லீங்களே? உங்க ஊட்டுக்காரரு மூணு சந்தையும் விடாம வந்து பாத்தாருங்க. ராணி காட்டுல புள்ளையைத் தேடறப்போ துண்டை வாயில வச்சுக்கிட்டு அழுதாரு. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

பொன்னாயியின் கை சொம்போடு நின்றது. அந்தப் படத்துக்கு அவன் போட்டது இரண்டரை.

"இன்னும் ஓடுதுங்களா?"

"நேத்தே கொட்டகையைப் பிரிச்சு வண்டியில ஏத்திட்டாங்க. ராசிபுரத்துப் பக்கம் போகுதாம்."

அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. மூட்டையைச் சுமந்தவன் அவன், சரி. மரமேறி மிளகு பறித்தவள் யார்? காலால் மிதித்து உதிர்த்தவள் யார்? மழை தூறும்போதெல்லாம் ஓடி ஓடி வாரியவள் யார்? அழுகிற இடத்தில் அவன் அழுதுவிட்டு வருவான், இவள் களி கிண்டிப் போட வேண்டும். நன்றாக இருக்கிறது நியாயம்!

பொழுது சாய்கையில் களத்தில் கூட்டம் கூடியிருந்தது. அர்த்தனாரி நடுவில் உட்கார்ந்து, "கொட்டகை போயிருச்சுங்க. என்னத்தைப் பெருசா ஓட்டினான், ஒரு மூணு மலைப் படம் உண்டா?" என்று சலித்துக்கொண்டிருந்தான்.

பொன்னாயி முறத்தோடு நேரே போய் அவன் முன்னால் நின்றாள்.

"ராணி படத்தை எத்தனை தரம் பாத்தே?"

ஊருக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் அவனை 'நீங்க' தவிர வேறு சொல்லி அழைத்ததில்லை.

"ஒ... ஒரு தரந்தான்."

"பக்ருதீன் பாய் பொய் சொல்றாரா?"

அவன் முகம் சுண்டிப் போனது. "கோவிச்சுக்காத கண்ணு. ரெண்டு பேரும் போயிட்டா ஊட்டையும் மாட்டையும் யாரு பாக்கறது?"

"அதை அன்னைக்கே மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன். அரை மலையை ஒளிச்சு ஒளிச்சு ஆறு வருசம் என்னைக் காக்க வச்சியே! சாமிக்கு முன்னால கற்பூரத்தை அணைச்ச கைதானே அது?"

அவன் தலை குனிந்தான்.

"வர்ற சந்தைக்கு மூட்டையை நான் இறக்கறேன். கொட்டகை ராசிபுரத்துல இருந்தாலும் சரி, அதுக்கு அப்பால இருந்தாலும் சரி, பாத்துட்டுத்தான் மலையேறுவேன். ஊட்டையும் மாட்டையும் நீ பாரு. படம் எப்படின்னு இனிமே இந்தக் களத்துல நான் சொல்றேன்."

கூட்டத்தின் ஓரத்திலிருந்த ராமாயிக்கு வாய் சும்மா இருக்காது. "அப்போ உன் ஊட்டுக்காரன் எத்தனை மலைடி?" என்றாள்.

பொன்னாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கால்வலி."