மோரீன் வெளியே போயிருக்கிறாள்

மோரீன் ஜூன் மாதம் பதினாலாம் தேதி செத்துப்போனாள். அடுத்த ஜனவரியில் அவளை உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

விஷயம் இதுதான். போர்ட் கேரோவில் கடலோரமாக ஒரு கேரவன் பார்க் இருக்கிறது, காருக்குப் பின்னால் இழுத்து வரும் வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்குகிற இடம். ஹார்ஷம் பக்கத்துக் கோதுமை ஊர்க்காரர்கள் நாங்கள் ஒரு ஒன்பது குடும்பம், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வண்டியை இழுத்துக்கொண்டு அங்கே போய் மூன்று வாரம் கிடப்போம். எனக்கும் என் கணவன் நெவிலுக்கும் இது இருபத்தேழாவது வருஷம். அந்த பார்க்கில் ஒரு இடம் கிடைத்துவிட்டால் அது சாகிறவரைக்கும் உங்களுடையது. ஒன்றே ஒன்று, யார் பேரில் இடம் இருக்கிறதோ அவர் கடைசி நாள் காலை பத்து மணிக்குள் நேரில் வந்து, அடுத்த வருஷத்துக்கான அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இடம் வெயிட்டிங் லிஸ்டில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். புருஷன், பெண்டாட்டி, பிள்ளை என்று எந்தச் சலுகையும் கிடையாது.

இருபத்துமூன்றாம் எண் இடம் மோரீன் பேரில் இருந்தது. கதவைத் திறந்தால் கடல். எங்கள் இடம் நாற்பத்தொன்று. கதவைத் திறந்தால் ஆண்கள் கழிப்பறை. இருபத்துமூன்றுக்கான லிஸ்டில் பத்தொன்பது வருஷமாக முதல் பேராக நிற்பது யார் என்றால், நான்தான். இது மோரீனுக்கும் தெரியும். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேண்டுமென்றே நாற்காலியைக் கடலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "அப்பா, என்ன காத்து" என்பாள். அந்த மாதிரி ஒருத்திதான் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி.

இந்த வருஷம் அவள் புருஷன் கிளைவ் மட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். வந்த அன்றைக்கே எங்கள் கேரவன் வாசலில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆபீசுக்கு எதுவும் தெரியாது. நான் சொல்லலை," என்றான்.

நெவில் என்னைப் பார்த்தான். லிஸ்ட் விஷயம் எல்லாருக்கும் தெரியும்.

"நீ சொல்லணும்னா சொல்லு, கிளெனிஸ். நான் கோவிச்சுக்க மாட்டேன்," என்றான் கிளைவ்.

கெஞ்சியிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். இப்படிச் சொல்லித் தொலைத்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மேனேஜர் கெர்ரின் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. சட்டம் என்றால் சட்டம் என்று நிற்கிற பெண். தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு சுற்று வந்து எல்லாரையும் நலம் விசாரிப்பாள். முதல் நாள் மோரீன் எங்கே என்று கேட்டபோது, குளிக்கிறாள் என்று நெவில் சொன்னான். மூன்று வாரம் ஒருத்தி குளித்துக்கொண்டே இருக்க முடியாது. மறுநாள் நான் முந்திக்கொண்டு, மியூசியம் பார்க்கப் போயிருக்கிறாள் என்றேன். கெர்ரினுக்கு ஒரே சந்தோஷம். அவளுடைய அத்தைதான் மியூசியத்தில் வரவேற்பில் உட்காருகிறாளாம். மோரீன் வந்தாளா என்று அத்தையிடம் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வேறு வழியில்லாமல் தொப்பியை மாட்டிக்கொண்டு நானே மியூசியத்துக்குப் போனேன். இருபத்தேழு வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை. மழை பெய்தால் போகலாம் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்போம், மழை பெய்தால் சீட்டு விளையாடுவோம். உள்ளே ஒரு திமிங்கில எலும்பு, மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த நாற்பது தட்டுகள், யாரோ ஒரு கேப்டனின் பல், கடைசியில் அத்தை கையால் ஒரு கப் டீ. பார்வையாளர் புத்தகத்தில் மோரீன் பாஸ்கோ என்று எழுதினேன். கருத்து என்று ஒரு கட்டம் இருந்தது. நன்றாக இருந்தது என்று எழுதப் போய் நிறுத்திக்கொண்டேன். மோரீன் ஜென்மத்தில் அப்படி எழுத மாட்டாள். 'டீ ஆறிப்போயிருந்தது' என்று எழுதினேன்.

அதற்கப்புறம் ஊரில் ஒரு இடம் பாக்கியில்லை. கலங்கரை விளக்கம், பழைய சிறைச்சாலை, பழைய சுங்க அலுவலகம், திமிங்கிலக் கொழுப்பு உருக்கிய கொப்பரை, பீரங்கி மேடை. ஒவ்வொன்றாக மோரீனை அனுப்ப வேண்டியது, கெர்ரின் ஏதாவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்று நானும் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியது. செத்தவள் புண்ணியத்தில் ஒரு சரித்திர நகரத்தை முழுசாகப் பார்த்தேன். முழங்கால் வீங்கிப்போயிற்று. எங்கள் வரிசையில் இருந்த மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒருத்தி மோரீனின் துண்டைத் தினமும் நனைத்துக் கொடியில் போட்டாள். இன்னொருத்தி கிளைவின் மேசையில் இரண்டாவது கப்பை எடுத்து வைத்தாள்.

இதில் நான் எதிர்பார்க்காதது கிளைவ். ஐந்தாம் நாளிலிருந்து சாயங்காலமானால் அவனே வந்து கேட்க ஆரம்பித்தான்.

"இன்னிக்கு எங்க போயிருந்தா?"

"கலங்கரை விளக்கம். நூத்திப்பதினாறு படி."

"என்ன சொன்னா?"

"இத்தனை படி ஏறி வந்தா விளக்கு இத்துனூண்டா இருக்கேன்னு சொன்னா."

அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அப்புறம் ஒரு நாள், மீனைச் சுத்தம் செய்துகொண்டே, "வீட்ல யாரும் அவ பேரை எடுக்கறதில்ல, கிளெனிஸ். நான் உள்ள வந்தா பேச்சை மாத்திடறாங்க. இங்கதான் அவ எங்கன்னு கேக்கறாங்க," என்றான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் நெவிலைத் திட்டினேன்.

நான் ஒன்றும் உத்தமி இல்லை. தினமும் காலையில் இருபத்துமூன்றைக் கடக்கும்போது எங்கள் கேரவன் அங்கே எப்படி நிற்கும் என்று கண்ணாலேயே அளப்பேன். மூன்றாவது வாரம் ரொட்டி வாங்க ஆபீசுக்குப் போனபோது கெர்ரின் மட்டும்தான் இருந்தாள். டீ ஆறியிருந்தது என்று மோரீன் எழுதியதில் அத்தைக்கு மனசு சரியில்லையாம், கூப்பிட்டு வந்தால் புதிதாகப் போட்டுத் தருகிறாளாம். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், கடல் என் வாசலுக்கு வந்துவிடும். வாயைக்கூடத் திறந்துவிட்டேன். "அவ அப்படித்தான், எல்லாத்துலயும் ஒரு நொட்டை சொல்லுவா," என்று சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசி நாளுக்கு நெவில் ஒரு திட்டம் போட்டான். மோரீனுக்கு வயிற்றுப்போக்கு, காரைவிட்டு இறங்க முடியவில்லை என்று நான் உள்ளே போய்ச் சொல்ல வேண்டியது. அட்டையை வாங்கிக் காருக்குள் வைத்து நானே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டியது. அவ்வளவுதான். கிளைவ் ஸ்டீரிங்கில் உட்கார்ந்திருந்தான், நெவில் காருக்குப் பக்கத்தில் நின்றான். பக்கத்து சீட்டில் ஐஸ் பெட்டி இருந்தது. கார் கீ கீ என்று கத்தாமல் இருக்க அதற்கு பெல்ட் மாட்டியிருந்தான்.

கெர்ரின் நல்ல பெண். அதுதான் வினையாகப் போயிற்று.

"ஐயோ பாவம், அவங்க இறங்க வேண்டாம். நீங்களும் அலைய வேண்டாம், நானே கொண்டு வரேன்," என்று அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்துவிட்டாள். தினமும் பார்க்கைச் சுற்றுகிற பெண் வேகமாக நடப்பாள், என் முழங்காலை வைத்துக்கொண்டு அவளைப் பிடிக்க முடியவில்லை. கார் ஜன்னலில் குனிந்தாள். ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். கிளைவைப் பார்த்தாள்.

கிளைவ் இரண்டு கையையும் ஸ்டீரிங்கிலேயே வைத்திருந்தான்.

"செத்துட்டா, கெர்ரின். ஜூன் பதினாலு," என்றான். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்து, "என் மோரீன் செத்துட்டா," என்று இன்னொரு தடவை சொன்னான். ஏழு மாதத்தில் அந்த வார்த்தையை அவன் வாயால் நான் கேட்டது அதுதான் முதல்.

கெர்ரின் நிமிர்ந்து நின்றாள். என்னைத்தான் கேட்டாள். "அப்போ மியூசியத்துல எழுதினது?"

"நான்தான். ஆனா டீ நிஜமாவே ஆறித்தான் இருந்துச்சு."

அவள் கொஞ்ச நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிளைவின் தோளில் கை வைத்து, ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றாள். வருத்தப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சட்டத்தை மாற்றுகிற அதிகாரம் அவளுக்கு இல்லை, இருந்தாலும் மாற்றமாட்டாள். மணி ஒன்பது ஐம்பத்தாறு. லிஸ்டில் முதல் பேர் என்னுடையது. வேண்டுமா வேண்டாமா என்று பத்து மணிக்குள் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அடுத்த பேர் ஒரு மெல்போர்ன்காரன்.

இந்தக் கேள்விக்காகப் பத்தொன்பது வருஷம் காத்திருந்தேன். என்ன முகத்தோடு பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். பேனாவை வாங்கி அட்டையைக் காரின் முன்பக்கம் வைத்தேன், கையெழுத்துப் போடும் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் மியூசியத்துக்குப் போயிருக்கிறாள், சிறைச்சாலைக்குப் போயிருக்கிறாள் என்று மூன்று வாரமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்ததில் அவள் செத்ததற்கு நான் அழவேயில்லை. அங்கேயே நின்று அழுதேன். நெவில் கைக்குட்டையை நீட்டினான். மீன் நாற்றம், பரவாயில்லை.

பிறகு கையெழுத்துப் போட்டேன். தியாகம் செய்து மெல்போர்ன்காரனுக்குக் கொடுக்க எனக்கு என்ன பைத்தியமா.

இடத்தில் என்னென்ன நிற்கும் என்று கெர்ரின் கேட்டாள். ஒரு கேரவன், ஒரு கூடாரம் வரைக்கும் அனுமதி உண்டு.

"ரெண்டும் நிக்கும். கூடாரம் கிளைவுக்கு," என்றேன்.

எழுபத்தொரு வயதில் கூடாரமா என்று நெவில் முணுமுணுத்தான். கெர்ரின் எழுதிக்கொண்டு உள்ளே போனாள்.

"கூடாரம் எந்தப் பக்கம்?" என்று கேட்டான் கிளைவ்.

"பின்பக்கம். கடல் பக்கம் எனக்கு."

"மோரீனா இருந்தா எனக்குக் கடல் பக்கம் குடுத்திருப்பா."

"குடுத்திருக்க மாட்டா," என்றேன்.

அவன் ஐஸ் பெட்டியின் பெல்ட்டைக் கழற்றினான்.

"மாட்டாதான்," என்றான்.