கவுச்சி தாண்டாத வாசல்

டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஜெரோம் நாற்காலியில் கிடந்த யூனிஃபார்ம் சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்தார். நுழைத்த கையை அப்படியே வெளியே இழுத்து முகர்ந்து பார்த்தார்.

"மேரி! இங்க வா. இது இன்னான்னு சொல்லு."

அருள்மேரிக்கு முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பத்து நாளாக வீட்டில் அவள் துவைக்கும் பாதித் துணி அந்த வாசனைக்காகத்தான். முதலில் வாசல் மிதியடி. பிறகு தலையணை. அதற்குப் பிறகு, சொல்லவே கூசுகிறது, ஞாயிறு பூசைக்கு இஸ்திரி போட்டு மடித்து வைத்த புடவை. குற்றவாளி பீரோவுக்கு மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. வறுத்த ரொட்டியின் நிறத்தில் இருந்ததால் அதற்கு ரஸ்க் என்று பெயர். கடுவன் பூனை.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஈஸ்டர் முடியட்டும். கோணில போட்டுக்கினு போய் மேடவாக்கம் மீன் மார்க்கெட்டாண்ட விட்டுட்டு வந்துர்றேன். அங்க ராஜா மாதிரி இருக்கும். நாமளும் மனுசனா இருக்கலாம்."

"டினா கேட்டா என்னங்க சொல்லுவீங்க?"

ஜெரோம் ஈரச் சட்டையை வாளியில் போட்டுவிட்டு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு நாவலூருக்குக் கிளம்பினார். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எலெக்ட்ரீஷியன். வண்டி கோவிலம்பாக்கம் சந்து முனையில் திரும்பும் வரை அவர் முணுமுணுப்பது கேட்டது போலிருந்தது.

பூனை மகள் கிறிஸ்டினா என்கிற டினாவுடையது. கூடுவாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்ட வீட்டில் அதைக் குட்டியிலிருந்து வளர்த்தாள். அவள் உண்டானதும் பூனை கழிக்கும் மணல் தொட்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். தொடாமல் எப்படிப் பூனை வளர்ப்பது என்று மாமியார் கேட்டாள். ஆக ரஸ்க் ஆட்டோ ஏறிக் கோவிலம்பாக்கத்துக்கு வந்தது. சாயங்காலம் ஆனால் போதும், டினா வீடியோவில் கூப்பிட்டுவிடுவாள். "எப்படி இருக்கேம்மா?" என்பதெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, "ரஸ்க்கைக் காட்டு."

போன வருடம் டினாவுக்கு ஒரு கரு நான்காம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. அந்த நாட்களை அருள்மேரி யாரிடமும் பேசுவதில்லை. இந்த முறை நாள் தள்ளிப்போன சேதி வந்ததுமே மாதா படத்துக்கு முன்னால் மண்டியிட்டு ஒரு நேர்ச்சை செய்துகொண்டாள். தவக்காலத்தில் கறி மீன் சாப்பிடமாட்டேன் என்று எல்லாரையும்போல வேண்டிக்கொண்டிருந்தால் பிரச்சினையே இல்லை. அதுதான் வருடா வருடம் நடப்பதாயிற்றே, அதில் மாதாவுக்கு என்ன புதுசு என்று யோசித்து, ஒரு படி மேலே போய்விட்டாள். 'சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் கவுச்சி இந்த வாசப்படியைத் தாண்டாது தாயே, என் பிள்ளை நல்லபடியா பெத்துப் பொழைக்கணும்.' வேண்டும்போது பூனை தன் வீட்டுக்கு வரும் என்று தோன்றவில்லை.

அதுவரை ரஸ்க்குக்கு தினம் மத்தி மீன் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு சோறு பிசைந்து வைப்பாள். வழித்து நக்கிவிடும். சாம்பல் புதனோடு அது நின்றது. கடையில் விற்கும் உலர்ந்த தீனி வந்தது; அதை அவள் கவுச்சிக் கணக்கில் சேர்க்கவில்லை. அதையும் நொறுக்கு நொறுக்கென்று தின்றது; குறையொன்றும் சொல்லவில்லை. அடுப்படி ஓரம் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. காலையில் வைத்த தண்ணீர் சாயங்காலமும் அப்படியேதான் இருக்கும். பூனை என்ன மாடா, தொட்டித் தொட்டியாகக் குடிக்க, என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகுதான் இந்த அட்டகாசம். மணல் தொட்டியைக் கண்டால் ஒதுங்கிப் போனது. கண்ட இடத்தில் சொட்டு வைத்தது. மீன் நிறுத்தியதற்குப் பழி வாங்குகிறது என்று அவள் முடிவு கட்டினாள். ஒரு நாள் விளக்குமாற்றால் ஒன்று போட்டும்விட்டாள். அது திருப்பிச் சீறவில்லை. கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

ஜெரோம் சட்டையை முகர்ந்த அன்று, குருத்தோலை ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை. அருள்மேரி ஆயாவாக இருக்கும் நர்சரிப் பள்ளியில் ஒரு எல்.கே.ஜி. குழந்தை கவுனை நனைத்துக்கொண்டு மூலையில் நின்றது. இது அவளுக்குத் தினசரி வேலை. கழுவி, மாற்றுத்துணி போட்டு, வழக்கம்போலக் கேட்டாள்: "ஒண்ணுக்குப் போறப்ப எரியுதாடா கண்ணு?" குழந்தை ஆமாம் என்று தலையாட்டியது. அம்மா வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தவளுக்கு மணல் தொட்டியை விட்டு ஒதுங்கும் ரஸ்க் ஞாபகம் வந்தது. பள்ளி விடும் வரை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வீட்டைத் திறந்ததும் சத்தம் கேட்டது. மியாவ் இல்லை, அடித்தொண்டையிலிருந்து ஒரு முனகல். ரஸ்க் மணல் தொட்டிக்குள் ஏறி முக்கியது, இறங்கியது, இரண்டடி நடந்து மறுபடி ஏறியது. மணல் காய்ந்து கிடந்தது. பாத்ரூம் தரையில் சிவப்பாக ஒரு சொட்டு. வயிற்றைத் தொட்டாள். தேங்காய் மாதிரி கெட்டியாக இருந்தது. தொட்டதும் அலறியது.

ஜெரோம் வந்தபோது உண்மையாகவே கையில் ஒரு கோணிப்பை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னேற்பாடு.  கீழே குனிந்து பூனையைப் பார்த்தார்.

"இன்னாடி, மலச்சிக்கலா? வெளக்கெண்ணெ குடுத்தியா?"

"அது இல்லைங்க. ஒண்ணுக்கு வரலை. சொட்டுகூட வரலை. செத்துடும்போல இருக்குங்க."

கோணியை ஓரமாக எறிந்தார். அழுக்குத்துணிக் கூடையைக் கவிழ்த்துக் காலி செய்து, பூனையை உள்ளே வைத்து, மேலே தன் லுங்கியைப் போட்டுக் கட்டினார். அருள்மேரி கூடையை மடியில் இறுக்கிக்கொண்டு பின்னால் உட்கார, ஸ்கூட்டர் ரேடியல் ரோட்டில் போன போக்கில் ஒரு சிக்னலையும் மதிக்கவில்லை. காலையில் மீன் மார்க்கெட்டுக்கு நாடு கடத்துவதாகச் சொன்ன அதே மனுஷன்தான், "டேய் ரஸ்க்கு, புட்சிக்கோடா, தோ வந்துட்டோம்" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தார்.

கால்நடை டாக்டர் சத்யபிரியாவுக்கு டினா வயதுதான் இருக்கும். வயிற்றைத் தொட்டதுமே முகம் மாறிவிட்டது.

"யூரின் அடைச்சிருக்கும்மா. ஆண் பூனைக்குக் குழாய் ரொம்ப மெல்லிசு. பொடி மணல் மாதிரி சேர்ந்து அடைச்சுக்கும். இன்னிக்கு விட்டிருந்தா காலையில இருந்திருக்காது. ட்யூப் போட்டு எடுக்கணும், மூணு நாள் இங்கயே இருக்கட்டும்."

"பழி வாங்குதுன்னு நினைச்சுட்டேன் மேடம்."

"பூனைக்கு அதெல்லாம் தெரியாதும்மா. தொட்டில போனப்ப வலிச்சிருக்கு. தொட்டிதான் வலிக்க வெக்குதுன்னு நினைச்சு வேற இடம் தேடியிருக்கு. என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

அருள்மேரி சொன்னாள். மத்தி, சாம்பல் புதன், உலர்ந்த தீனி, தொடாத தண்ணீர். நேர்ச்சையை மட்டும் சொல்லவில்லை. விளக்குமாற்றைச் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

பெரிய வியாழன் சாயங்காலம் ரஸ்க் வீடு திரும்பியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஜெரோம் ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னார், டினாவிடம் மட்டும் சொல்லவில்லை; மூன்று சாயங்காலமும் அவளிடம் ரஸ்க் மாடியில் தூங்குகிறது என்று சமாளித்திருந்தார்கள். ஆனால் தலைப்பாகை இன்னும் முழுசாகப் போகவில்லை. ட்யூப்பை எடுத்தபின் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை கொஞ்சமாகப் போயிருந்தது. வீட்டில் தானாகப் போக வேண்டும், மறுபடி அடைத்தால் உடனே தூக்கி வர வேண்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மருந்துத் தீனி ஒன்று எழுதிக் கொடுத்து, அதை அப்படியே வைக்காமல், உப்பில்லாமல் வேகவைத்த கோழித் தண்ணீரை நிறைய ஊற்றி ஊறவைக்கச் சொன்னார். வெறும் தண்ணீர் கலந்து வைத்தபோது இந்தப் பூனை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

கோழி. அதுவும் பெரிய வெள்ளிக்கு.

அருள்மேரி இரவெல்லாம் புரண்டாள். விடிந்ததும் கணவரிடம் நேர்ச்சையின் முழு வாசகத்தைச் சொன்னாள். ஜெரோம் தாடையைச் சொறிந்தார்.

"வாசப்படியத் தாண்டாதுன்னுதானே வேண்டிக்கின? சாப்புடறதப் பத்தி ஒண்ணும் சொல்லலியே. வெளியவே வெச்சு ஆக்கிட்டா?"

எலெக்ட்ரீஷியன் வேலையில் இறங்கிவிட்டார். வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, மாடிப்படிக்குக் கீழே மின்னடுப்பை வைத்து, கோழிப் பையை வண்டியிலிருந்து நேராக அங்கேயே இறக்கினார். சட்டி கொதித்தது. தெருவே மணந்தது. மாடியிலிருந்து இறங்கி வந்த வீட்டுச் சொந்தக்காரி மஹாலட்சுமி மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னா மேரிக்கா, பெரிய வெள்ளியும் அதுவுமா கோழி கமகமன்னு கீது?"

"எனக்கு இல்லம்மா. பூனைக்கு."

"நமக்குக் கஞ்சி, அதுக்குக் கோழி," என்றார் ஜெரோம். "ஆனைக்கொரு காலம்னா பூனைக்கொரு காலம்." வாசப்படி நேர்ச்சையையும் அவளிடம் சொன்னார்.

"பூனையை வெளிய கூட்டினு வந்து ஊட்டுங்க, அவ்ளோதான. ஆனா ஒரு டவுட்டுண்ணா. தின்னுட்டு உள்ள போவுமே, அதும் வவுத்துல கோழி வாசப்படியத் தாண்டாதா?" என்று கேட்டுவிட்டு, சிரித்தபடியே மஹாலட்சுமி பால் வாங்கப் போய்விட்டாள்.

ஆனால் அந்தச் சிக்கல் வரை விஷயம் போகவில்லை. வெளியே தூக்கி வந்ததுமே ரஸ்க் மிரண்டது. ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்ததுதான் தாமதம், ஜெரோமின் கையைப் பிறாண்டிவிட்டு உள்ளே பாய்ந்து கட்டிலுக்கு அடியில் ஒடுங்கியது. கூப்பிட்டால் வரவில்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மணல் தொட்டி காய்ந்தே கிடந்தது. அருள்மேரி டாக்டருக்குப் போன் போட்டாள். வயிறு கல்லாக இல்லையே, முக்கவில்லையே என்று கேட்டுவிட்டு டாக்டர் சொன்னார்: "அப்போ உள்ள தண்ணி போகலைம்மா. எப்படியாவது சாப்பிட வைங்க. மத்தியானம் தாண்டியும் போகலைன்னா, இல்ல முக்க ஆரம்பிச்சா, உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

கிண்ணத்தில் கோழித் தண்ணீரில் ஊறிய தீனியோடு அருள்மேரி வாசப்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே கட்டிலின் நிழலில் இரண்டு கண்கள். அவளுக்கு மகளின் வயிறுதான் நினைவுக்கு வந்தது, இப்போது ஏழாம் மாதம். இந்த ஒரு அடியை எடுத்து வைத்து அங்கே ஏதாவது ஆகிவிட்டால், ஆயுளுக்கும் தன்னை மன்னிக்க முடியாது. எடுத்து வைக்காவிட்டால் இந்த வாயில்லா ஜீவன். பள்ளியில் மூலையில் நின்ற அந்தக் குழந்தையும் நினைவுக்கு வந்தது. எரியுதா கண்ணு என்று அதைக் கேட்க இரண்டு நொடிகூட ஆகவில்லை, ரஸ்க்கைப் பத்து நாளாகக் கேட்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. ஜெரோம் செல்போனை எடுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். 

"தாயே, சொன்ன பேச்சைத் தாண்டறேன்," என்றாள் வாய்விட்டு. "கணக்கு எதுவா இருந்தாலும் என்கிட்ட வெச்சுக்கோ. என் பொண்ணுகிட்ட வெக்காதே."

தாண்டினாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கிண்ணத்தைத் தள்ளினாள். முதலில் மூக்கு வந்தது. பிறகு மீசை. பிறகு சளப் சளப் என்ற சத்தம். தீனியைவிடத் தண்ணீரைத்தான் முதலில் தீர்த்தது. அடியில் கிடந்ததையும் நக்கித் துடைத்துவிட்டு அவள் விரலை நக்கியது. இன்னொரு கிண்ணம் வைத்தாள். அதுவும் போயிற்று.

அப்போது டினா கூப்பிட்டாள். பகலில் அவள் கூப்பிடுவதே இல்லை. 

"அம்மா, அப்பா இப்ப போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரி, நேர்ச்சை, எல்லாம். என்கிட்ட ஏன்மா மறைச்சே?"

"உனக்கு உடம்பு எப்படி இருக்கு? அதைச் சொல்லு முதல்ல. வலி கிலி ஏதாவது..."

"எனக்கென்ன? உள்ள இருக்கறது உதைச்சுக்கிட்டே இருக்கு. அம்மா, மாதாவும் ஒரு பிள்ளையைப் பெத்தவங்கதானே. பட்டினியா கெடக்கறதுக்குச் சோறு போட்டா கோச்சுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு வழக்கம்போல ஆரம்பித்தாள்: "ரஸ்க்கைக் காட்டு."

அருள்மேரி செல்போனைத் திருப்பினாள். கட்டிலுக்கடியில் பூனை இல்லை.

"ஷ்ஷ்," என்றார் ஜெரோம் பாத்ரூம் பக்கமிருந்து.

டாக்டர் சொன்னபடி வாங்கியிருந்த அகலமான புதுத் தொட்டியில், புது மணலில், ரஸ்க் உட்கார்ந்திருந்தது. முக்கவில்லை. முனகவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்று பேரும், கூடுவாஞ்சேரியில் இருந்தவளும் சேர்த்துத்தான், மூச்சு விடாமல் இருந்தார்கள். மணலில் சர்ரென்று சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டது. தொட்டியின் நடுவே ஈரம் கருத்து, அகன்று, இன்னும் அகன்றது.

"போவுது பாரு, போவுது பாரு," என்று ஜெரோம் கிசுகிசுத்தார். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை அவருக்கு. செல்போனுக்குள் டினா அழுதுகொண்டே சிரித்தாள். அருள்மேரி பாத்ரூம் வாசலிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். உடம்பில் இருந்த பாரமெல்லாம் இறங்கியது போலிருந்தது. கையெல்லாம் கோழி வாசனை. தூரத்துக் கோயிலிலிருந்து மரக்கட்டை தட்டும் ஓசை வந்தது. பெரிய வெள்ளிக்கு மணி அடிக்க மாட்டார்கள். வழிபாடு தொடங்கப்போகிறது. அவளுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

ரஸ்க் எழுந்து, திரும்பி, குனிந்து ஒரு தடவை முகர்ந்தது. பிறகு முன்காலால் சுற்றிலுமிருந்த காய்ந்த மணலை இழுத்து இழுத்து, ஈரம் துளிகூடத் தெரியாதபடி, அவசரமே இல்லாமல் மூடத் தொடங்கியது.