முகம் தெரிகிற மாதிரி

"நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு உழுந்துட்டாரு, வண்டியக் கூப்புடுங்க" என்றபடி இடுப்பில் மீன்கூடையோடு ஓடினாள் தேவனாம்பட்டினம் வேலம்மாள்.

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரம், பண்ருட்டி பஸ் நிற்குமிடத்தில், வெள்ளைச்சட்டைக்காரர் ஒருவர் மல்லாந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

அவளுக்கு முன்பே நாற்பது பேர் கூடிவிட்டார்கள். அத்தனை பேரும் தலை வாரியிருந்தார்கள்.

காரணம் உண்டு. போன வாரம் சென்னைப் பத்திரிகை ஒன்று சிதம்பரம் கீழவீதியில் ஓர் ஆளை மயங்கி விழுந்ததுபோல நடிக்க வைத்து, ஒளிந்திருந்து படம் பிடித்தது. தாண்டிப் போன பதினோரு பேரின் முகமும் நடுப்பக்கத்தில் வந்தது. அதில் ஒருவருக்கு நிச்சயித்த கல்யாணமே நின்றுபோனதாகப் பேச்சு. 'அடுத்து கடலூர்! உதவுபவருக்குக் கைக்கடிகாரம்' என்று கீழே கொட்டை எழுத்து. ஊரே ஒரு வாரமாகச் சீப்போடு அலைந்தது.

ஜவுளிக்கடை சக்கரபாணி ஜரிகை அங்கவஸ்திரம் சகிதம் உட்கார்ந்து, விழுந்தவரின் தலையை மடியில் ஏந்தியிருந்தார்.

"மாமா, பத்து நிமிசமா நீங்களே வச்சிருக்கீங்க. கொஞ்சம் எனக்குக் குடுங்க" என்றான் அவர் அக்காள் மகன் பழனிவேல்.

"இருடா. கேமரா எங்க இருக்குதுன்னே தெரியல."

"லாட்ஜு மாடி ஜன்னலா இருக்கும்."

நாற்பது முகங்களும் லாட்ஜ் மாடியைப் பார்த்து இரக்கப்பட்டன.

"தூக்குங்கய்யா, ஆஸ்பத்திரி ரெண்டு பர்லாங்குதான்" என்றாள் வேலம்மாள்.

"வெவரம் தெரியாம பேசாத. இது நடிப்பு" என்றார் சக்கரபாணி. "தூக்கிட்டுப் போயிட்டா படம் எடுக்கிறவன் இன்னா பண்ணுவான்?"

விழுந்தவர் தோளில் மாட்டிய தோல்பையை இறுகப் பற்றியபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பழனிவேல் அந்த வாயில் சோடாவை ஊற்றினான். "பேசாதீங்க சார். நல்லா பண்றீங்க."

"அந்தப் பையக் கழட்டித் தூரப் போடு. என் மூஞ்சிய மறைக்குது" என்றார் சக்கரபாணி.

பை வேலம்மாள் காலடியில் வந்து விழுந்தது. அதைக் கூடைக்குள் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள். மீன் வாடைக்கு ஜரிகை தானாக ஒதுங்கியது. குதிரைவண்டி சுப்பராயலு காலைப் பிடிக்க, அவள் தோளைப் பிடித்து வண்டியில் ஏற்றினாள். "இன்னும் படம் புடிக்கலயே" என்று வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி வந்தான் பழனிவேல்.

ஊசி போட்டு முடித்த டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் கால் மணி போயிருந்தா ஆள் இல்ல. யாரும்மா இவரு?"

"எனக்கு இன்னா தெரியும் சாமி. பையில பாருங்க."

செதிலைத் தட்டிவிட்டு டாக்டர் பையைத் திறந்தார். உள்ளே மூடி கழற்றாத ஒரு கேமரா. கூடவே பத்திரிகை ஆசிரியரின் கடிதம்:

'நீர் இன்றே கடலூர் போய், ஒளிந்திருந்து படம் எடுக்க இடம் பார்த்து வையும். விழுகிற ஆள் நாளைக்குத்தான் வருவான்.'