விலாக்கறி

வெந்த பன்றி விலா எலும்புகளைச் சட்டியில் கொட்டியதும் எண்ணெய் சீறியது. நலுபோவா முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளறினாள். காலைப் பூசை முடிந்த கையோடு மசாக்கா சந்தையில் வாங்கிய கறி. "கொழுப்பைச் சீவிடாதப்பா, அது இல்லாட்டி எங்க வீட்டுக்காரருக்குத் தொண்டைல இறங்காது" என்று பக்கத்திலேயே நின்று வெட்டி வாங்கியிருந்தாள்.

வெளியே மரத்தடியில் அவள் கணவர் லுப்வாமா மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எதிரே பாயில் அவருடைய அக்கா ஹதிஜா. தம்பி நலுபோவாவைக் கட்டிக்கொண்டு கிறிஸ்தவனான நாளிலிருந்து ஹதிஜா இந்த வீட்டு வாசல்படி மிதித்ததில்லை. ஆனால் ஒரு ஞாயிறு தவறியதும் இல்லை. பிளாஸ்க்கில் தன் டீயோடு வருவாள், சண்டை போடுவாள், போவாள்.

"ஆரம்பிச்சுட்டாளா உன் பொண்டாட்டி? நாத்தம் குடலைப் புடுங்குது."

"ஒரே ஒரு எலும்பு கடிச்சுப் பாருக்கா. சொர்க்கம் இங்கயே தெரியும்."

"எனக்கு நெசமான சொர்க்கத்துலயே எடம் இருக்குடா."

"அப்ப எனக்கும் ஒரு ஓரமா பாய் போட்டு வை."

நலுபோவா சிரித்தபடி தக்காளியை வழித்துப் போட்டாள். அடுத்த பேச்சு வரவில்லை. வெங்காயத்தாளை நறுக்கினாள். அப்போதும் வரவில்லை.

"நலுபோவா!"

ஹதிஜா அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கிழங்கு மடியில் கிடக்க, லுப்வாமா ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தார். பக்கத்துத் தெரு நர்ஸ் வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். கண் இமைகளை மெல்ல மூடிவிட்டாள்.

ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அண்டைவீட்டு முட்டெபி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "யாரைக் கூப்பிடறது? இமாமையா, ஃபாதரையா?"

நலுபோவா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கணவரின் தலையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். அவர் பிறந்த வீட்டார் உடலைக் கேட்டால் யார் மறுக்க முடியும்?

ஹதிஜா தம்பியின் காலை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிராமல் சொன்னாள்: "ஃபாதரைக் கூப்பிடுங்க. அவன் போன கோயிலு அதுதானே."

அப்போதுதான் கருகல் வாடை வந்தது. எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும். முஸ்லிம் வீட்டு மாமிகள் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். நலுபோவாவால் எழ முடியவில்லை.

ஹதிஜா எழுந்தாள். படியேறி உள்ளே போனாள். சட்டி இறங்கும் சத்தம் கேட்டது. தூக்கி எறியத்தான் போகிறாள் என்று நலுபோவா கண்ணை மூடிக்கொண்டாள்.

நெடுநேரம் ஹதிஜா வெளியே வரவில்லை.

பெண்கள் லுப்வாமாவின் உடலை உள்ளே பாயில் கிடத்தச் சொன்னபோதுதான் நலுபோவா சமையற்கட்டை எட்டிப் பார்த்தாள். அடிப்பிடித்த சட்டியில் தண்ணீர் ஊற்றியிருந்தது. ஹதிஜா தரையில் உட்கார்ந்து, கருகாத துண்டுகளைக் கையாலேயே பொறுக்கி ஒரு கிண்ணத்தில் அடுக்கி, மேலே தட்டைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் புள்ளைங்க கம்பாலாலேர்ந்து வரும். பசியோட வரும்," என்றாள். "மேல இருந்தது தீயல."

அவள் விரல்களெல்லாம் எண்ணெயும் தக்காளியும். எங்கே துடைப்பதென்று தெரியாமல் கைகளை உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்திருந்தாள்.

நலுபோவா செம்பில் தண்ணீர் மொண்டாள். இருவரும் பின்வாசலுக்குப் போனார்கள். ஹதிஜா குனிந்து கைகளை நீட்டினாள். நலுபோவா ஊற்றினாள். தண்ணீர் செம்மண்ணில் நெளிந்து வாழையடிக்கு ஓடியது.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றாள் ஹதிஜா.

ஊற்றினாள்.