ஊருக்கு அண்ணன்

அழகிரியும் வள்ளிக்கண்ணுவும் அண்ணன் தங்கச்சி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஏனென்றால் லால்குடியிலிருந்து மருங்காபுரி வரைக்கும் யாரைக் கேட்டாலும் அண்ணன் தங்கச்சி என்றுதான் அடித்துச் சொல்வார்கள். தங்கச்சி பாடும், அண்ணன்காரன் ஆர்மோனியம் வாசிப்பான், இப்படி ஒத்துமையான கூடப்பிறப்பை எங்கேயும் பார்த்ததில்லை என்பார்கள். எப்படிப் பார்த்திருப்பார்கள்? கூடப்பிறந்தவர்கள் ஒத்துமையாக இருந்தால் அல்லவா பார்ப்பதற்கு.

வள்ளிக்கண்ணுவின் அப்பா ஆண்டி கோயில் திருவிழாக்களில் பாடுகிறவர். அழகிரி அவருக்கு ஆர்மோனியம் வாசித்தவன். சாதிசனம் ஒன்று, மற்றபடி உறவு எதுவும் இல்லை. ஐம்பத்தோராம் வருஷம் மாசியில் ஆண்டி காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. பங்குனிக்கு லால்குடிப் பக்கம் நாலு ஊரில் கச்சேரிக்கு ஒப்புக்கொண்டு வெற்றிலை பாக்கு வாங்கியிருந்தார். வாங்கின வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தால் அந்த ஊர்க்காரர்கள் மறுபடி கூப்பிட மாட்டார்கள். காரியம் முடிந்த மறுநாள் வள்ளிக்கண்ணு அழகிரியைப் பார்த்து, "நான் பாடுறேன். நீங்க பொட்டியை எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயசு. அப்பா பாட்டெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

முதல் ஊரிலேயே சிக்கல் வந்தது. பாட்டில் இல்லை, தங்குகிற இடத்தில். அந்த வீட்டம்மா நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இவரு உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். அழகிரி வாயைத் திறப்பதற்குள் வள்ளிக்கண்ணு, "எங்க அண்ணன்" என்று போட்டுவிட்டாள். அவ்வளவுதான். அந்தம்மா முகமே மாறிவிட்டது. தாயில்லாப் பிள்ளையா, தகப்பனும் போயிட்டாரா என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அழகிரிக்குக் கோயில் மண்டபத்தில் பாய் போட்டார்கள். அதற்கப்புறம் ஏழு வருஷமாக எந்த ஊருக்குப் போனாலும் இதே ஏற்பாடுதான். கல்யாணம் ஆகாத பெண் ஓர் ஆம்பளையோடு ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறதென்றால், வேறு எந்தப் பேரைச் சொன்னாலும் ஒரு வீட்டிலும் உள்ளே விடமாட்டார்கள்.

திருச்சிக்குள் இந்தப் பொய் செல்லாது. அவள் உறையூரில் சித்தி வீட்டில் இருந்தாள். அவன் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு ரூம் எடுத்துத் தானே பொங்கித் தின்றுகொண்டிருந்தான். கச்சேரிக்குக் கிளம்புகிற அன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சந்திப்பார்கள். பஸ் ஊர் எல்லையைத் தாண்டினதும் அவள் வாயில் "அண்ணே" வந்து உட்கார்ந்துகொள்ளும். திரும்பி வந்து சத்திரத்தில் இறங்கியதும் அது போய்விடும். திருச்சியில் அவனை அவள் முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை, பேர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. "இந்தாங்க", "கேட்டீங்களா", இவ்வளவுதான். பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி.

இந்த "இந்தாங்க"வைப் பிடித்துக்கொண்டு அழகிரி மனக்கோட்டை கட்ட ஆரம்பித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கோட்டையில் எல்லாம் இருந்தது. இந்தப் பக்கத்து ஊர்களை மொத்தமாக விட்டுவிட வேண்டியது. இத்தனை வருஷம் அண்ணன் என்று சொல்லிவிட்டு இனிமேல் புருஷன் என்று சொன்னால் செருப்பாலடிப்பார்கள், அது நியாயமும்கூட. சேலம், நாமக்கல் பக்கம் போய்விட்டால் இவர்களை யாருக்குத் தெரியும்? முதல் ஊரிலேயே புருஷன் பெண்டாட்டி என்று போய் இறங்கலாம். புது ஊர்களைப் பிடிக்க ரெண்டு வருஷம் கஷ்டப்பட வேண்டியிருக்கும், பரவாயில்லை. இவ்வளவையும் யோசித்த மகராசன், யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறானோ அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தப் பங்குனி போகட்டும், அந்த ஆடி போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தான். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

அவளிடம் அவனுக்குப் பிரியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எந்த ஊரில் இறங்கினாலும் அவன் முதலில் கேட்பது அவளுக்கு வெந்நீர். அவள் பாடுகிற சுருதி ஐந்தரைக் கட்டை. புழுதி ரோட்டில் பஸ்ஸில் போய்த் தொண்டை கட்டியிருந்தால் அவள் சொல்லவே வேண்டாம். அவன் தானாகவே அரைக் கட்டை இறக்கி ஐந்தில் ஆரம்பித்துவிடுவான். சபையில் ஒருத்தருக்கும் தெரியாது. அவள் மட்டும் முதல் பாட்டின் நடுவே ஒரு தரம் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வை அவனுக்கு ஒரு வாரம் தாங்கும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் மாசியில் மருங்காபுரியில் கச்சேரி. அந்த ஊருக்கு அது மூன்றாவது தடவை. மறுநாள் காலையில் அழகிரி கோயில் மண்டபத்தில் ஆர்மோனியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது வீரமலை வந்தான். வீரமலைக்கு அந்த ஊரில் மானாவாரி நிலமும் ஒரு கடலை எண்ணெய்ச் செக்கும் இருந்தன. நாற்பது வயசுக்குள் இருக்கும். சம்சாரம் தவறி ரெண்டு வருஷம், பிள்ளை கிடையாது. மூன்று வருஷமாக வள்ளிக்கண்ணு தங்குவது அவன் அக்கா இருசம்மாள் வீட்டில்தான்.

வீரமலை மேல்துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"வாத்தியாரே, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். உங்க தங்கச்சியை எனக்குக் கட்டித் தரணும். தாய் தகப்பன் இல்ல, அண்ணன்காரர் நீங்கதான். முறையா உங்ககிட்டதான் கேக்கணும்."

அழகிரி பெட்டியின் மூடியைச் சாத்தினான். "அது... பாட்டுன்னு இருந்துடுச்சுங்க. வீட்ல அடைஞ்சு கெடக்காது" என்றான்.

"யாரு அடைக்கப் போறா? அது பாட்டைக் கேட்டுட்டுத்தான நான் கேக்கவே வந்திருக்கேன். பாடட்டும். நீங்களே வாசிங்க. நான் ரெண்டாந்தாரம்தான், அதை மறைக்கல. அதுக்கு இஷ்டமில்லைன்னா விட்டுடுங்க, அடுத்த வருஷமும் கச்சேரி உங்களுக்குத்தான்."

குறை சொல்லலாம் என்று பார்த்தால் அந்த மனுஷன் ஒரு குறையும் வைக்கவில்லை. நாலு வருஷம் இவன் கோட்டை கட்டின இடத்தில் அவன் வந்து நின்று நாலே வார்த்தையில் கேட்டுவிட்டான். அழகிரி மென்று விழுங்கி, "கேட்டுச் சொல்றேங்க" என்றான்.

பஸ்ஸில் அவளுக்கு முன்னால் பெண்கள் சீட்டில் இடம் கிடைத்தது. அவன் பின்னால் உட்கார்ந்து அவள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான். சொல்லாவிட்டால் என்ன? இஷ்டமில்லை என்று ஒரு கார்டு எழுதிப் போட்டால் தீர்ந்தது. அந்த மனுஷனே பெரியமனசாக விட்டுவிடுகிறேன் என்கிறான். அவளுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஆடி கழியட்டும், கட்டாயம் சொல்லிவிட வேண்டியதுதான். இப்படி நினைத்ததும் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மணப்பாறையில் பஸ் நின்றது. டீக்கடை ஓரம் அவள் வந்து நின்றாள்.

"காலையில வீரமலை ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாரே, என்னண்ணே?"

"அடுத்த வருஷமும் நாமதான் வரணுமாம்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வேற என்ன சொல்லப் போறாரு? டீ ஆறுது, குடி."

அவள் குடித்தாள். டம்ளரைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

சத்திரத்தில் இறங்கும்போது பொழுது சாயவில்லை. எப்போதும் அவன் அவளை உறையூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போவான். அன்றைக்கு அவள், "அண்ணே, ஒரு காபி குடிச்சிட்டுப் போகலாம்" என்றாள். பஸ் களைப்பில் வாய் தவறிவிட்டது என்று அழகிரி நினைத்தான். காபி கிளப்பில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கென்று தடுத்திருந்த மூலையில் போய் உட்கார்ந்தார்கள்.

"வீரமலை என்னைப் பொண்ணு கேட்டாரு, இல்லையாண்ணே?"

அவன் கை மேஜைமேல் இருந்தது இருந்தபடியே இருந்தது.

"இருசம்மாக்கா நேத்தே எங்கிட்டச் சொல்லிட்டாங்க. காலையில தம்பி உங்க அண்ணனைக் கேப்பான், உனக்கு மனசு இல்லேன்னா இப்பவே சொல்லிடு, அவனுக்குச் சங்கடம் வேணாம்னாங்க. எங்க அண்ணன் வந்து கேக்கட்டும், அவருகிட்டச் சொல்றேன்னேன். மருங்காபுரியிலேருந்து இங்க வரைக்கும் நீங்க கேப்பீங்க கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே வந்தேன்."

"வள்ளி, அது வந்து..."

"நீங்க நெசமா அண்ணனா இருந்தா சொல்லியிருப்பீங்க. இப்படி ஒரு இடம் வந்திருக்கு, என்னம்மா சொல்றேன்னு கேட்டிருப்பீங்க. அண்ணன் இல்ல, வேற நெனப்பு இருக்குன்னா அதையாவது சொல்லியிருக்கணும். ரெண்டும் இல்லாம டீ ஆறுதுன்னீங்க."

அப்போதுதான் அவன் சொன்னான். சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்தது. காலையில் வீரமலை சொன்னது ஒரு வரி விடாமல், அப்புறம் சேலம், நாமக்கல், புது ஊர்கள், ரெண்டு வருஷக் கஷ்டம், இந்தப் பங்குனி, அந்த ஆடி. காபி வந்து வைத்துவிட்டுப் போனவனைக்கூட அவன் கவனிக்கவில்லை. அவள் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் எப்பலேருந்து?"

"நாலு வருஷமா."

"நாலு வருஷமா எனக்கும் சேத்து நீங்களே யோசிச்சு முடிச்சிட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா? இந்தாங்க, இந்தாங்கன்னு நான் கூப்பிட்டுக்கிட்டே கெடந்தேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"இப்ப கேக்கறேன் வள்ளி."

"நேத்து ராத்திரி கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். இருசம்மாக்கா சொல்லும்போதுகூட, இப்பவாவது இவரு வாயத் தொறப்பாருன்னு மனசுக்குள்ள சந்தோசமாத்தான் இருந்துச்சு." அவள் காபி டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஒளிச்சிட்டீங்களே. எனக்கு வந்ததை எங்கிட்டச் சொல்லாம மறைச்சவரோட நான் எந்த ஊருக்கு வரது? நாளைக்கு இன்னொண்ணு வந்தாலும் எனக்கு நல்லதுன்னு நீங்களே நெனச்சு அதையும் மறைப்பீங்க."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவனைத் தின்றது.

"அந்த மனுசன் மூணு தரம் என்னைப் பாத்தாரு. நேரா வந்து கேட்டாரு, வேணாம்னா விட்டுடுன்னும் சொன்னாரு. எனக்கு அது போதும். வெள்ளிக்கிழமை நீங்களே போயிச் சொல்லிட்டு வாங்கண்ணே. அந்த ஊருக்கு அண்ணன் நீங்கதான், வேற யாரு இருக்கா போறதுக்கு?"

காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தாள். உறையூர் பஸ்ஸில் அவனே ஏற்றிவிட்டான். அந்த ஏழு வருஷத்தில் திருச்சிக்குள் அவள் அவனை அண்ணே என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். வாய் தவறி வந்ததில்லை அது என்று பஸ் போனதுக்கப்புறம்தான் அந்த மண்டைக்கு உறைத்தது.

நடுவில் லால்குடிப் பக்கம் ஒரு கச்சேரி இருந்தது. போனார்கள், பாடினாள், வாசித்தான். அவளுக்குத் தொண்டை நன்றாகவே இருந்தது, ஐந்தரையிலேயே பாடினாள். ஆக, அவள் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் வெற்றிலை, பாக்கு, பழம் வாங்கிக்கொண்டு தனியாக மருங்காபுரிக்குப் போனான். மடியில் ஆர்மோனியம் இல்லாமல் அந்த ரோட்டில் அவன் போனதே இல்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாதி வழியில் இறங்கிவிடலாமா என்று ஒரு தரம் தோன்றியது. இறங்கி எங்கே போவது? அவள் அனுப்பின வேலை இது. இதையாவது சொன்னபடி செய்ய வேண்டும் என்று உட்கார்ந்திருந்தான்.

இருசம்மாள் வீட்டில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். வீரமலை செக்கிலிருந்து கை கால் கழுவிக்கொண்டு ஓடிவந்தான். என்ன ஏது என்று அவன் கேட்கவில்லை, அழகிரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"என் தங்கச்சிக்குச் சம்மதங்க" என்றான் அழகிரி. எத்தனை வீட்டு வாசலில் நாக்கு குழறாமல் சொன்ன வார்த்தை. அன்றைக்கு அதை ரெண்டு தரம் ஆரம்பித்துத்தான் சொல்லி முடித்தான். தங்கச்சியைப் பிரிகிற துக்கம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வீரமலைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து வந்து அவன் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மச்சான், அதுக்கு ஒரு குறையும் வராது. நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க" என்றான். நல்ல மனுஷன்தான். அழகிரிக்கு அவனை வெறுக்கக்கூட முடியவில்லை.

இருசம்மாள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவன் கொண்டுவந்த வெற்றிலை பாக்கைத் தட்டில் எடுத்து உள்ளே சாமி படத்தடியில் வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கல்யாணப் பேச்சு வந்த வீட்டில் எல்லோரும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள்.

"ஏந்தம்பி, தங்கச்சிக்கு முடிச்சாச்சு. உங்களுக்கும் வயசு ஆகுதே, எங்கயும் பாக்கலையா?"

"ஒரு எடம் இருந்துச்சுக்கா."

"என்ன ஆச்சு? குடுக்க மாட்டேன்னுட்டாங்களா?"

"இல்ல. நான் கேக்கல."

இருசம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல ஆளுய்யா நீங்க. கேக்காம எப்படித் தம்பி குடுப்பாங்க?" என்றாள்.

அழகிரி தலையை ஆட்டிவிட்டுக் காபியைக் குடித்தான்.